ஒன்றாம் நம்பர் ஜெர்சி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சிஹோ கெட்டதும் வாயால்தான். அதுவும் ஒரே ஒரு சொல்லால்: பரவாயில்லை.

எங்கள் ஊரில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஓர் ஆள் பிறந்து, படித்து, கல்யாணம் கட்டி, செத்தும் போய்விடலாம். கடையில் பை வேணுமா என்பார்கள்; பரவாயில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். நனைந்துவிட்டாயே, குளிருதா என்பார்கள். பரவாயில்லை என்றால் தாங்கிக்கொள்வேன் என்று அர்த்தம். எந்த அர்த்தம் என்பதை அதைக் கேட்கிறவர்தான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில், நிகாத்தாவின் இந்தக் கடலோரத்திலோ, முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு. அப்புறம் எங்கே உருப்பட!

சிஹோ நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். பெண்கள் வாலிபால் அணியில் அவள் செட்டர். மற்றவர்கள் ஓங்கி அடிப்பதற்காகப் பந்தை விரல்நுனியால் தூக்கிக் கொடுக்கிறவள். அணியில் மொத்தமே ஆறு பேர், ஆடத் தேவையானதும் ஆறு பேர். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அணிக்கே காய்ச்சல். மூன்றாம் ஆண்டில் இருவர், முதலாம் ஆண்டில் மூவர், நடுவில் இவள் ஒருத்தி. விளையாட்டோ கலையோ, ஏதாவது ஒரு மாணவர் சங்கத்தில் சேராமல் இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் இருக்க முடியாது. சேர்ந்த பிறகு விலகலாம், சட்டப்படி தடை இல்லை. ஆனால் காலையில் பள்ளிக்குள் நுழைந்து செருப்பு மாற்றும் இடத்தில் யாரும் உன்னோடு பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

சிஹோவின் மனசோ பியானோவில் கிடந்தது. இலையுதிர் காலத்தில் பள்ளியில் கூட்டுப்பாடல் போட்டி நடக்கும். ஒவ்வொரு வகுப்பும் இரண்டு பாட்டுப் பாட வேண்டும். அதற்கு வகுப்பிலிருந்தே ஒரு பிள்ளை பியானோ வாசிக்கும். அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வீட்டிலிருந்த பழைய கீபோர்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வசந்தகாலம் முழுக்க வாசித்துப் பழகினாள். அம்மாவுக்குக் கேட்டதெல்லாம் விசைகள் தடதடவென்று விழும் சத்தம்தான்.

கோடைக்கு முன்னால் வரும் மழைக்காலத்தில் ஒரு நாள், மூன்றாம் ஆண்டு படிக்கும் கேப்டன் குரேஹா அடித்த பந்து நேராக வந்து சிஹோவின் வலது மோதிர விரலில் மோதியது. விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது.

"ஐயய்யோ! பரவாயில்லையாடி?" என்று ஓடிவந்தாள் குரேஹா.

"பரவாயில்லைக்கா."

"அடி சமத்து!" குரேஹா விரலுக்கு டேப் சுற்றிவிட்டாள். "இன்னும் ஒரு பந்து! வாங்கடி, குரலே வரல! சோறு தின்னலையா?"

மறுநாள் சங்கீத டீச்சர் மினெகிஷி அவளை நடைவழியில் நிறுத்தினார். நல்ல மனுஷி. ஆனால் எப்போதும் எங்கேயோ ரயிலைப் பிடிக்கப் போகிறவரைப் போல ஒரு பரபரப்பு.

"சிஹோ, முதல் பாட்டுக்கு உன்னையே வாசிக்கச் சொல்லலாம்னு இருந்தேன். என்னம்மா இது, விரல் இப்படி இருக்கு? கஷ்டமா இருந்தா சொல்லு, வேற யாரையாவது கேக்கட்டுமா?"

சிஹோவின் காதில் 'உன்னையே' என்றது மட்டும்தான் விழுந்தது. விரலா? விரல் சரியாகிவிடும். வலித்தாலும் வாசிப்பேன்.

"பரவாயில்லை டீச்சர்," என்றாள்.

"அப்படியா? பாவம். சரிம்மா, உடம்பப் பாத்துக்கோ." டீச்சர் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

சிஹோ அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். பைத்தியக்காரப் பெண்! மறுநாள் காலை வகுப்பில் அறிவித்தார்கள்: முதல் பாட்டுக்கு பியானோ, யுகாரி. எல்லோரும் கைதட்டினார்கள். சிஹோவும் தட்டினாள். டேப் சுற்றிய விரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால் தட்டினாள்.

இடைவேளையில் யுகாரி தயங்கித் தயங்கி வந்தாள். "உன்னைத்தான் முதல்ல கேட்டாங்களாமே. நீ வேண்டாம்னுட்டியாம். வருத்தம் ஒண்ணும் இல்லையே?"

"பரவாயில்லை," என்றாள் சிஹோ. வேறென்ன சொல்வாள்! யுகாரி அதற்குள் தன் வீட்டிலும், டோக்கியோவில் இருக்கும் அத்தை வீட்டிலும் சொல்லிவிட்டாளாம்.

சாயங்காலம் சிஹோ சங்கீத அறைக்குப் போனாள். வாசலிலேயே நின்றாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்ததும் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்த பிறகுதான் டீச்சருக்கு விஷயம் புரிந்தது.

"அடக் கடவுளே... வாசிக்கிறேன்னுதான் சொன்னியா?" தலையில் கைவைத்துக்கொண்டார். "யுகாரிட்ட இனிமே எப்படித் திருப்பிக் கேக்கிறது? பாரு, ரெண்டாவது பாட்டு இருக்கு. அது உனக்குத்தான். ஆனா கோடை லீவுல மத்தியானம் மத்தியானம் பயிற்சிக்கு வரணும். வாலிபால் இருந்தா நடக்காது. லீவு விடறதுக்குள்ள அங்க பேசி முடிச்சுட்டு வந்து சொல்லு. இந்தத் தடவை வாயத் திறந்து சொல்லணும், சரியா?"

சிஹோ தலையாட்டினாள். வாயைத் திறக்கத்தான் இல்லை.

வழி ஒன்று இருந்தது. கோடைப் போட்டியில் தோற்றதும் மூன்றாம் ஆண்டு அக்காக்கள் இருவரும் விலகி, உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் தானும் நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். போட்டியும் வந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் குரேஹா அழுது முடித்து, பார்லி டீயைக் குடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, சிஹோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்து நீதான் கேப்டன். பக்கத்து ஊர் ஸ்கூலோட சேந்து ஒரே அணியா ஆடணுமாம், சார் பேசி முடிச்சிட்டார். லீவு முழுக்க மத்தியானம் பயிற்சி. சின்னப் பிள்ளைங்க மூணையும் நீதான் பாத்துக்கணும். உனக்குக் கஷ்டமா இருக்குமோ?"

மத்தியானம். அதே மத்தியானம். வேண்டாம் அக்கா, என்னை விட்டுவிடுங்கள், வேறு யாரையாவது பாருங்கள். வேறு யார்? இரண்டாம் ஆண்டில் இருப்பதே அவள் ஒருத்திதானே.

"பரவாயில்லைக்கா..." என்று இழுத்தாள். பையை நீட்டும் கடைக்காரரிடம் சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

குரேஹா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்! நீ இருக்கிறப்ப எனக்கென்ன கவலை!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினாள். முன்சீட்டுகளிலிருந்து மூன்று சின்னத் தலைகளும் திரும்பிச் சிரித்தன.

அந்த ஒரே சொல் வேண்டாம் என்று ஓர் இடத்தில் கேட்டது, சரி என்று இன்னோர் இடத்தில் கேட்டது. அவள் மனசில் இருந்ததோ இரண்டிடத்திலும் அதற்கு நேர் எதிர். இதை யாரிடம் போய்ச் சொல்ல? அன்று வீட்டில் அம்மா சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்கியிருந்தாள். நல்ல நாளுக்குச் செய்கிற சோறு. குரேஹாவின் அம்மா போன் பண்ணியாகிவிட்டதாம்.

"அம்மா, நான் கேப்டனா இருக்கணுமா?"

"என்னடி கேள்வி? மூணாம் வீட்டு அம்மாகூட கடைல பாத்து வாழ்த்துச் சொன்னாங்க. உனக்குப் பிடிக்கலையா?"

பிடிக்கலை என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அம்மா ரயில்வே கேன்டீனில் கால் வலிக்க நின்றுவிட்டு வந்து ஆக்கிய சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. சிஹோ அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைந்துவிட்டால் பேச வேண்டியதில்லை.

ஆனாலும் அவள் விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். படுக்கையிலும், குளியல் தொட்டியிலும், சைக்கிளிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினாள். நான் கேப்டன் ஆக மாட்டேன். என்னால் முடியாது. இதில் இரண்டு அர்த்தம் இல்லை. யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை. அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

லீவுக்கு முந்தைய நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் அக்காக்களுக்கு வழியனுப்பு விழா. புழுக்கமோ புழுக்கம். அம்மாக்கள் விசிறிகளோடு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அணியின் பொறுப்பாசிரியர் குவாஹாரா சார் அறிவியல் வாத்தியார். வாலிபாலைக் கையால் தொட்டறியாதவர், விதிகளைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டவர். அவர் ஏதோ பேசினார், எல்லோரும் அழுதார்கள். பிறகு குரேஹா ஒன்றாம் நம்பர் ஜெர்சியை மடித்து எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். நம்பருக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அதுதான் கேப்டனுக்கு அடையாளம். பல கைகள் மாறி, பல தடவை துவைத்து, கோடு மஞ்சளாகியிருந்தது.

"அடுத்த கேப்டன், சிஹோ!"

சிஹோ எழுந்தாள். நடந்தாள். ஜெர்சியை வாங்கக் கை நீட்டவில்லை.

"நான் கேப்டன் ஆக மாட்டேன்," என்றாள். குரல் சுவரோரம் வரை கேட்டது. "என்னால முடியாது. எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டாள்! அவள் உடம்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. ஏதோ ஓர் அம்மா. அப்புறம் எல்லோரும்.

"என்ன அடக்கம் பாருங்க பொண்ணுக்கு!"

"இந்தக் காலத்துல இப்படியும் பிள்ளைங்க!"

சிஹோவின் அம்மா விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல எப்பவும் இப்படித்தாங்க, எதுக்கும் முன்னால நிக்கமாட்டா," என்று பூரித்துப்போனாள். எங்கள் ஊரில் மரியாதை தெரிந்த எவரும் ஒரு பொறுப்பைக் கேட்ட உடனே ஏற்பதில்லை. ஒரு தடவை முடியாது என்று சொல்லியாக வேண்டும். ஊராட்சித் தலைவர் முதல் திருவிழாவில் மேளம் அடிப்பவர் வரை அதுதான் முறை. சிஹோ பழகிப் பழகிச் சொன்ன வாக்கியம், அச்சு அசலாக அந்த முறைப்படி அமைந்துவிட்டது.

குரேஹா அழுகையும் சிரிப்புமாக ஜெர்சியை அவள் கையில் திணித்தாள். "போன வருஷம் நானும் இதையேதாண்டி சொன்னேன். இதே வார்த்தை," என்றாள்.

அப்போது சிஹோ அவள் முகத்தைப் பார்த்தாள். குரேஹாவின் வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. ஒரு கணம்தான். அதற்குள் இரண்டு பேரையும் போட்டோ எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு வலையை அவிழ்க்க சிஹோவும் முதலாம் ஆண்டு கோயுகியும் நின்றார்கள். வத்தலாக, கண்ணாடி போட்ட பிள்ளை. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். எதிர்க் கட்டடத்தின் மாடியிலிருந்து பியானோ கேட்டது. இரண்டாவது பாட்டு. சிஹோ ஜெர்சியை வாங்கிய செய்தி எட்டிய கையோடு மினெகிஷி டீச்சர் அதையும் யுகாரிக்கே கொடுத்திருப்பார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஒரே இடத்தில் யுகாரி தடுக்கித் தடுக்கி விழுந்தாள். அங்கே மோதிர விரலைக் கொஞ்சம் முன்னாலேயே தூக்கிவிட வேண்டும். சிஹோவின் வீங்கிய விரல் வலைக்கயிற்றின் மேல் தானாக அசைந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் கேப்டனுக்கு வேலை இருக்கிறதே.

"கோயுகி, என் விரல் இன்னும் சரியாகல. லீவுல நீ செட்டரா ஆடணும்னு சார் சொன்னார். கஷ்டமா இருக்குமா?"

"பரவாயில்லைக்கா," என்றாள் கோயுகி, தரையைப் பார்த்தபடி.

சிஹோ முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

"எந்தப் பரவாயில்லை?"

"ஆங்?"

"ரெண்டு இருக்குல்ல. நீ சொன்னது எது?"

கோயுகி மிரண்டுபோனாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

"யாரும் இல்லடி இங்க. நான் திட்டமாட்டேன். மெதுவா சொல்லு, நிக்கிறேன்."

யுகாரி அதே இடத்தில் இன்னொரு தடவை தடுக்கினாள்.

"எனக்கு... பந்துன்னாலே பயம்கா," என்றாள் கோயுகி. அப்புறம் மடை திறந்தது. "காலைல வயிறு வலிக்குது. படம் வரையற சங்கத்துக்குப் போகணும்கா. ஆறு பேர் வேணும்னுதான் போகல. இப்ப நாலு பேர்தான், நானும் போயிட்டா உங்களுக்கு... மன்னிச்சிருங்கக்கா. நான் ஆடறேன்கா. சும்மா சொன்னேன்."

போனால் மூன்று பேர். பக்கத்து ஊர்க்காரிகள் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியது கேப்டன்தான். கேப்டனாக இருந்தும் ஒருத்தியைப் போகவிட்டுவிட்டாள் என்று குவாஹாரா சாரும், அம்மாக்களும், செருப்பு மாற்றும் இடமும் பேசும். சிஹோவுக்கு அதெல்லாம் தெரியும். கையில் ஜெர்சி ஈரத்துணி போலக் கனத்தது.

"நாளைக்கு வராத. சாரிட்ட நான் பேசிக்கிறேன்," என்றாள்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேக்கா."

"பரவாயில்லை."

கோயுகி அவள் முகத்தையே பார்த்தாள். எது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து வணங்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, கதவுவரை நடந்து, அதற்கப்புறம் ஓடினாள்.

சிஹோ ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வலையின் மறுமுனைக்குப் போனாள். அந்த முடிச்சு இறுகியிருந்தது. மேலே பியானோ அந்த இடத்தைத் தாண்டி, இந்தத் தடவை தடுக்காமல், போய்க்கொண்டே இருந்தது.