நூற்றைம்பது கட்டங்கள்

நகராட்சிக் கணக்காளர் தாமரைச்செல்வி பட்ஜெட் கோப்பை மேசையில் வைத்த வேகத்தில் மேலதிகாரி சிவசுப்பிரமணியனின் டீ தளும்பியது.

“பட்ஜெட்ல வரியல்லாத வருவாய் அஞ்சு லட்சம் இடிக்குதும்மா. புதுக் கடைங்க டெபாசிட்டை அதுல சேத்துடு.”

“அது நம்ம காசு இல்ல சார். கடையைக் காலி பண்ணா திருப்பித் தரணும்.”

“அப்ப சந்தையில கூடைக்கு வாங்குற பத்து ரூபாயை இருபதாக்கிடுவோம். வேற வழி இருந்தா சொல்லு.”

இருந்தது. அதற்காகத்தான் ஒரு வாரமாக விடியற்காலையில் சந்தைக்குப் போய் நின்றாள். தரையில் வெள்ளைக் கட்டங்கள் நூற்றைம்பது. அதை வைத்தே வருடா வருடம் அந்தப் பத்து ரூபாயை வசூலிக்கும் குத்தகைக்கு ஏல விலை நிர்ணயித்தார்கள். எட்டு மணிக்குக் கீரை தீர்ந்து குரும்பகரத்துக்காரி எழுந்தால், அதே கட்டத்தில் அடுத்த பஸ்ஸில் வந்தவள் கத்தரிக்காயோடு உட்காருவாள். புதுக் கூடை, புதுப் பத்து ரூபாய். கட்டத்தை எண்ணியவர்கள் கூடையை எண்ணவில்லை.

“புஸ்தகத்துல நூத்தம்பது பேருதானா?” என்று அன்று விடியற்காலை சந்தையில் கேட்டிருந்தாள் கீரை விற்கும் சுரக்குடி சந்திரலேகா. “அதுல நான் இருக்கனா, இல்லியா? பத்துக்கே மூக்கால அழுவுறேன். இருபதாக்கப் போறாங்கன்னு வேற பேச்சு. அப்படின்னா கீரையை வூட்லயே கடைஞ்சு தின்னுடுவேன், ஆமா.”

“இப்ப இருக்கீங்கக்கா. தினம் வர்ற முந்நூத்திப் பத்துப் பேருல ஒருத்தர்.”

கோப்பிலிருந்து அவள் எடுத்து நீட்டிய கூடைக் கணக்குத் தாளை சிவசுப்பிரமணியன் இரண்டு முறை படித்தார். “சரி, ஏல விலையில அஞ்சு லட்சம் ஏத்துறேன். அந்த விலைக்கு யாரும் ஏலம் கேக்கலன்னா சாயந்திரமே இருபது ரூபா போர்டு எழுதிடுவேன்.”

பதினொரு மணிக்கு ஏலம். விலையை வாசித்ததும் பலர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்கள். பழைய குத்தகைதாரர் இளையபெருமாள் மட்டும் சிரித்தார்.

“மேடம் கூடையெல்லாம் எண்ணுனீங்களாமே! மழை பேஞ்சா எவ வருவா?”

“மழைக்கு முப்பது நாள் கழிச்சுட்டேன்ணே. அப்புறமும் உங்களுக்கு மிச்சம் நிக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

ஏலம் கேட்க யாரும் கை உயர்த்தவில்லை. சிவசுப்பிரமணியன் கடிகாரத்தைப் பார்த்தார். தாமரைச்செல்வி பார்க்கவில்லை, தாளை எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் விரித்து வைத்தாள்.

இளையபெருமாள் கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து இரண்டு தலைகள் நீண்டன. அவர் சட்டென்று திரையை உள்ளங்கையால் மூடினார். அதற்குள் பின்னால் ஒரு கை உயர ஆரம்பித்திருந்தது.