கூறையில் வைத்த கத்தரி

கலியாணக் கூறைப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மட்டும் போவதுதான் எங்கள் வழக்கம். மணப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு என்னை வரச் சொல்லி, மாப்பிள்ளை அஸ்கியின் தாய் றபீக்கா மச்சி ஒலுவிலில் இருந்து போன் எடுத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாணத்தன்று பார்க்கவேண்டிய புடவையை முன்கூட்டியே பார்ப்பதாவது! ஆனால் சம்பந்தி கூப்பிட்டால் மறுக்கவா முடியும்? நாட்டில் சண்டை முடிந்துவிட்டது, பாதையில் இறக்கி ஏற்றிச் சோதிக்க யாரும் இல்லை, கொழும்புக்கே போவோம் என்றுதான் மச்சி முதலில் சொன்னார். கல்முனையில் இல்லாத கூறையா என்று நான்தான் நிறுத்தினேன்.

கடைக்குப் போகிற அன்று என் மகள் நதீரா காலையிலிருந்தே சரியில்லை.

"சல்வார் மாதிரி ஏதும் எடுக்க ஏலாதா உம்மா?"

"கூறையில்லாத கலியாணம் எங்க நடந்த? வாயப் பொத்திட்டு வா."

சின்ன வயதில் என் கூறையை விட்டுவைக்காதவள் இவள். அலுமாரியைத் திறந்து அந்தச் சிவப்புப் புடவையை உருவிச் சுற்றிக்கொள்வாள். முகம் முழுக்கப் பவுடர், தலையில் முருங்கைப்பூ. வாப்பாவைக் கதிரையில் இருத்தி, "நான் பொண்ணு, நீங்க மாப்புள" என்பாள். அந்த மனுசனும் வாயெல்லாம் பல்லாக இருப்பார். நான் அடிக்க ஈர்க்கிலைத் தூக்கினால் புடவையை இழுத்துக்கொண்டு ஓடித் தடுக்கி விழுவாள். ஏசிக்கொண்டே நானும் சிரிப்பேன்.

சுனாமியில் வீடு போனது, கூறையும் போனது. வீட்டைத் திரும்பக் கட்டிவிட்டோம், அதுதான் இப்போது இவளுக்குச் சீதனம். கூறைக்கு எங்கே போக? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அப்போதெல்லாம் நதீரா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

கடையில் மச்சி மெரூன் நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். குறை சொல்லலாம் என்று பார்த்தேன், சொல்ல ஒன்றுமில்லை. அவ்வளவு வடிவு. விற்கிற பெண் அதை நதீராவின் சல்வாருக்கு மேலே சுற்றிக் கொசுவம் வைத்துச் செருகினாள். நதீரா அப்படியே நின்றாள். மேலுதடு வியர்த்திருந்தது. என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"என்னகா, புடிக்கல்லியா?"

"கால் எடுக்க ஏலா உம்மா."

"சாரிதானே. எடுத்து வை."

"ஏலா உம்மா. கழட்டுங்க. கழட்டுங்க."

உடுப்பு மாற்றும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். நன்றாக ஏசத்தான். நான் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்.

"சுனாமி அண்டைக்கு அது அலுமாரியில இருக்கல்ல உம்மா. நான்தான் உடுத்திருந்தன்."

"எது?"

"உங்கட கூறை. நீங்க மீன் வாங்கப் போன நேரம் சட்டைக்கு மேல உடுத்தன். தண்ணி வரக்குள்ள ஓடினன். அது முள்ளுக்கம்பியில கொழுவி, கால் ரெண்டையும் சுத்திட்டு. மூச்சு முட்ட முட்ட அவுத்து விட்டன். நான் விட்டதாலதான் போன. நீங்க எல்லாரிட்டயும் கூறை கூறை எண்டு சொல்லக்குள்ள, நான் எப்பிடிச் சொல்ற?"

அப்போது அவள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. உம்மாவின் கூறை என்று பிடித்துக்கொண்டு இருந்திருந்தால்? அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

"அந்தக் கூறை நாசமாப் போகட்டும் மகள். நீ விட்டதுதான் நல்லம்."

சுற்றியிருந்ததை என் கையாலேயே அவிழ்த்தேன்.

மச்சியிடம் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "இதையே எடுப்பம் மச்சி. ஆனா வெட்டிப் பாவாடையாத் தைக்கணும்" என்றேன்.

மச்சியின் முகம் மாறியது. கூறையில் நாங்கள் கத்தரி வைப்பதில்லை. சாரிச் சட்டைத் துணியைக்கூட வேறாகத்தான் எடுப்போம். கூறை வெட்டுப்பட்டால் குடும்பமும் வெட்டுப்படும் என்று பயம். அந்தப் பயத்தை ஊருக்கெல்லாம் ஓதியவள் நான்.

"ஆக்கள் என்ன சொல்லுவாங்க மச்சி? அஸ்கிட வாப்பா என்ன சொல்லுவார்?"

"என்னைச் சொல்லட்டும். கலியாணம் வேணாமெண்டாலும் சொல்லுங்க. என்ட புள்ளைய இதுக்குள்ள கட்டிப்போட மாட்டன்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். அஸ்கி நல்ல பிள்ளை, நதீராவுக்கும் பிடித்த இடம். என் வாயால் கெட்டதோ என்று பயந்துபோனேன். மச்சி புடவையைத் தடவிக்கொண்டே முந்தானையை விரித்துப் பார்த்தார்.

"முந்தானைய மட்டும் முழுசா உட்டா," என்றார் பிறகு, "தலையில போட்டுக்குவாதானே?"

கடை மாடியில் தையல்கார நூஹு நானா இருந்தார். கூறை என்று கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "இத நான் வெட்டமாட்டன் ராத்தா." நான் கத்தரியை எடுத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் வெட்டை நானே வெட்டினேன். அதன் பிறகு மிச்சத்தை அவர் வெட்டினார்.

அடுத்த கிழமை போட்டுப் பார்க்கப் போனோம். மெரூன் பாவாடையும் தலையில் முந்தானையுமாக நதீரா வந்து நின்றாள். "வடிவா இரிக்கி" என்றார் மச்சி. எனக்கு அது போதவில்லை.

"ஓடிப் பாரு மகள்."

"இஞ்சயா? எல்லாரும் பாக்கிறாங்க உம்மா."

"பாக்கட்டும். ஓடு."

பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு புடவைத் தட்டுகளுக்கு நடுவே ஓடினாள். கடைசித் தட்டில் திரும்பியபோது கையை விட்டுவிட்டாள். அப்படியே என்னிடம் ஓடி வந்தாள். எங்கேயும் தடுக்கவில்லை.