ஐந்து தலையணைப் படம்

பேய்ப் படத்துக்கு நட்சத்திரம் போடுவதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் வேலை என்பது பரத்தின் கட்சி. அவன் தலையணை போடுவான். பெங்களூர் பொம்மனஹள்ளியில் அவனும் அர்ஜுனனும் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும் ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்குவார்கள். கம்ப்யூட்டரில் விசிடி ஓடும். அர்ஜுனன் மடியில் தலையணையோடு சுவரோரம் உட்காருவான். கதவு கிறீச்சிட்டால் போதும், தலையணை முகத்துக்கு ஏறிவிடும். அது ஏறுகிற வேகத்தை வைத்துத்தான் மார்க். அலறலும் சேர்ந்தால் ஐந்து தலையணை. அவன் கொட்டாவி விட்டால் படம் பூஜ்யம்.

திங்கட்கிழமை ஆபீசில் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு, பரத் அந்த மார்க்குகளை இணையத்தில் ஒரு குழுவில் எழுதுவான். மட்டமான பேய்ப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற கிறுக்கர்கள் கூடும் இடம் அது. ரப்பர் முகமூடிப் பேய், தக்காளிச் சாறு ரத்தம், காரணமே இல்லாமல் மழையில் நனையும் கதாநாயகி, எதுவும் அவர்களுக்கு விலக்கில்லை. அங்கே பரத்தைவிட அவனுடைய தலையணை ஆசாமிதான் பிரபலம். அந்த ஆசாமிக்கு ஒரு பெயர் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும் என்று பரத்துக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், மழைக்காலத்தில், குழுவில் ஒருவன் சீண்டினான். உன் ஆள் பார்த்ததெல்லாம் பொம்மைப் பேய், முடிந்தால் இதைப் போட்டுக் காட்டு என்று ஒரு பழைய இந்திப் படத்தைச் சொன்னான். மாமியார் வீட்டில் மருமகளை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறார்கள், அவள் பேயாக வந்து பழிவாங்குகிறாள். கொளுத்துகிற காட்சியை மட்டும் ஒரு ரீல் நீளத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்களாம்.

அர்ஜுனனின் அக்கா கணவன் வீட்டுச் சமையலறையில் எரிந்து செத்தவள். பரத்துக்கு இது நன்றாகத் தெரியும். அறைக்கு வந்த முதல் தீபாவளிக்கு அர்ஜுனன் சொந்த ஊரான வாணியம்பாடிக்குப் போகாமல் இருந்தபோது ஏன் என்று கேட்டு, அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் படத்தின் கதையைப் படித்ததும் அவனுக்கு அக்கா ஞாபகம் வரத்தான் செய்தது. வந்ததை ஓரமாக ஒதுக்கி வைத்தான். படம்தானே, பழைய விஷயம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆசை வந்துவிட்டால் மனுஷனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்!

பரத்தோடு வேலை பார்க்கும் டென்சில், சிவாஜி நகர் நடைபாதையில் துழாவி அந்த விசிடியைப் பிடித்துக்கொண்டு வந்தான். என்ன கதை என்று அவனுக்குத் தெரியாது, பாவம். படம் ஓடியது. காட்சி வந்தது. நடிகை கத்தினாள், ஓடினாள், கத்தினாள். கேமரா அவள் புடவையையும் அது எரிவதையும் விட்டு நகரவே இல்லை.

"மச்சா, ஆஃப் பண்றா, போதும்," என்று டென்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பரத் திரையைப் பார்க்கவில்லை. அர்ஜுனனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையணை மடியிலேயே கிடந்தது. அர்ஜுனன் கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தான். காட்சி முடிந்ததும் சாதாரணமாகத்தான் பேசினான்.

"படத்த தப்பா எடுத்துக்கீறாங்க. எங்க அக்கா கத்தவே இல்ல. தண்ணிதான் கேட்டுச்சி."

டென்சில் எழுந்து கம்ப்யூட்டரை அணைத்தான். அர்ஜுனன் எழுந்துபோய் பிரியாணிப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். பரத்துக்கு நெஞ்சு அடைத்தது உண்மை. ஆனால் அடைப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவன் மனசில் ஓடியது வேறு. இதை எழுதினால் குழுவே ஆடிப்போகும் என்பதுதான் ஓடியது. அந்த ஒரு நொடிக்காக அவன் பிற்பாடு தன்னை எவ்வளவோ திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே திங்கட்கிழமை எழுதியும் விட்டான். தலையணை ஏறவில்லை, பூஜ்யம், என்று ஆரம்பித்து அந்தத் தண்ணீரில் கொண்டுபோய் முடித்தான்.

குழு ஆடித்தான் போனது. இதுவரை நீ எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்று கை தட்டினார்கள். சீண்டியவனே மன்னிப்புக் கேட்டான். ஒவ்வொரு பாராட்டாக வர வர பரத் பக்கத்தை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். எழுதியதை அழித்துவிட நினைத்தான். அதற்குள் இரண்டு பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அர்ஜுனன் முகத்தைப் பார்த்து அவனால் ஒரு டீ குடிக்க முடியவில்லை. ஹெப்பகோடியில் ஃபேக்டரி வேலை முடிந்து அவன் வருவதற்குள் தூங்கிவிட்டதுபோல் படுத்துக்கொள்வான்.

அடுத்த ஞாயிறு அர்ஜுனனே ஜன்னலில் போர்வையைக் கட்டினான்.

"இன்னிக்கி இன்னா படம்?"

"படம் வேணாம்டா."

அர்ஜுனன் போர்வை நுனியைப் பிடித்தபடி நின்றான். "அன்னிக்கி நான் அப்டி பேசிட்டன்னு கோவமா? உனுக்கு மார்க்கு போட முடியாம பூட்டுச்சா? சாரிடா. எப்பவும் கொஞ்சம் சேத்துதான் கத்துவேன், நீங்க சிரிப்பீங்கன்னு. அன்னிக்கி முடியல."

பரத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இவன் நம்மிடம் மன்னிப்புக் கேட்பதா! அவமானம் பிடுங்கித் தின்றது.

"டேய், நீ சாரி கேக்காத. நான்தான் ஒண்ணு பண்ணிட்டேன். அக்கா தண்ணி கேட்டத நெட்ல எழுதிட்டேன். எல்லாரும் படிச்சிட்டாங்க. அந்தப் படத்துல என்ன வருதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

அடிப்பான் என்று பரத் எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அர்ஜுனன் பிடித்திருந்த போர்வை நுனியை ஜன்னல் கம்பியில் முடிந்தான். பிறகு கேட்டான்.

"அக்கா பேரு போட்டியா?"

"ஐயோ, இல்லடா! சத்தியமா போடல." செய்த காரியத்தில் இருந்த ஒரே நல்லதைப் பற்றிக்கொள்வதுபோல் அவசரமாகச் சொன்னான்.

"போட்டிருக்கலாம்," என்றான் அர்ஜுனன். "போலீசுல ஸ்டவ்வு வெடிச்சிச்சின்னு எழுதிக்கினாங்க. அன்னிக்கி நானும் அங்கதான் இருந்தேன், தண்ணி கேட்டுச்சின்னு நான் சொன்னேன், சின்னப் பையன்னு யாரும் எழுதிக்கல. நீ ஒருத்தன்தான் எழுதிக்கீற. அத பேரோட எழுதியிருக்கக் கூடாதா?"

"இப்பவே போய்ச் சேத்துடறேன்டா," என்று பரத் துள்ளி எழுந்தான். பிரவுசிங் சென்டர் தெருமுனையில்தான் இருந்தது. சட்டையை மாட்டி, செருப்பில் கால் நுழைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள், அவள் செத்த கதையைக் கேட்டிருக்கிறான், அதை ஊருக்கே சொல்லியும் விட்டான். அவள் பெயரை மட்டும் கேட்டதே இல்லை.

இப்போது கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அர்ஜுனன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவனே சொன்னான்.

"பாமா."