சொல்லாமல் கொள்ளாமல்

என் பெண்டாட்டி சிர்க்கா செத்துப்போன பிறகு நான் ஆங்கில வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அங்கே பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான். பனி கொட்டும் எங்கள் ஊலு நகரத்தில் வேறெங்கே அந்தக் கட்டாயம் இருக்கிறது? பேருந்தில் காலி இடம் நிறைய இருக்க, ஒருவன் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டுகிற ஊர் இது.

டீச்சர் ஷோனா ஸ்காட்லாந்துக்காரி. வாரா வாரம் ஒரு சொற்றொடரைக் கொடுப்பாள். அதை வைத்து ஆளுக்கொரு கதை கட்டிச் சொல்ல வேண்டும். அந்த வாரம் வந்தது ‘டிராப் இன்’. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் நிற்பதாம். வகுப்பே திகைத்துப்போனது. அந்த வீட்டில் ஏதாவது துக்கமா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, சும்மா பார்க்கத்தான் என்றாள் ஷோனா. சும்மாவா? ஒருவருக்கும் விளங்கவில்லை.

எனக்கு நன்றாகவே விளங்கியது. நான் ஏங்கிக்கொண்டிருந்ததே அதற்குத்தான்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சௌனா, அதாவது சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற அறை. வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். வெள்ளி மாலை என் முறை. எனக்கு அடுத்த முறை மேல்மாடி வெய்யோவுக்கு. அவரும் தனியாள், இதே வகுப்பில், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருவார். தன் நேரத்துக்கு வெகு முன்னாலேயே துண்டும் கையுமாக வந்து வெளி பெஞ்சில் காத்திருப்பார். உள்ளே நான், வெளியே அவர், நடுவில் ஒரு மரக்கதவு. அடுத்தவர் முறையில் கதவைத் தொடுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. வருஷக்கணக்காக இதே கூத்து. வெளியே வரும்போது தலையை ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார், அவ்வளவுதான்.

ஆள் பெயரை மட்டும் மாற்றி அதையே கதையாகச் சொன்னேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவன் சௌனாவில் தனியாக இருக்கிறான். வாளியில் இரண்டு பேருக்கான தண்ணீரை மொண்டு வைத்திருக்கிறான். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் இருமுகிறார். கதவு தாழிடவில்லை. அவர் டிராப் இன் பண்ணுவாரா, மாட்டாரா? அதோடு நிறுத்தினேன். என் குரல் தழுதழுத்தது. தொண்டை காய்ந்துவிட்டது என்று நினைத்து ஷோனா தண்ணீர் கொடுத்தாள்.

வெய்யோ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாடா, ஆளுக்கு உறைத்துவிட்டது என்று மனசு துள்ளியது.

வெள்ளிக்கிழமை சௌனாவின் மேல்பலகையில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டேன். வெளியே காலடிச் சத்தம். கதவு தட்டப்பட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வாங்க, திறந்துதான் இருக்கு என்றேன்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. வெய்யோ குளிர்கோட்டும் தொப்பியுமாக நின்றார். கையில் துண்டு இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க, தாய்ஸ்தோ. உங்க கதை எனக்குப் புரிஞ்சுடுச்சு. நான் சீக்கிரமே வந்து வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு உங்களுக்கு இத்தனை நாளா இம்சை குடுத்திருக்கேன். மூஞ்சிக்கு நேரா சொல்லாம நாசூக்கா சொன்னீங்க பாருங்க, அது பெரிய மனசு. என் முறையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்திக்கிட்டேன். இனிமே நிம்மதியா குளிங்க.”

அட மடையா, உள்ளே வாடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கதையில் ஆங்கிலத்தில் சொல்ல முடிந்ததை என் சொந்த மொழியில் சொல்ல வாய் வரவில்லை.

“உங்களுக்கு வீண் சிரமம்” என்றேன்.

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

சூடு வெளியே போய்விடக் கூடாதே என்று கதவைப் பதமாகச் சாத்திவிட்டுப் போனார்.

என் நேரம் முடிந்தது. எனக்குப் பிறகு யாரும் வரப்போவதில்லை. இரண்டு பேருக்கான தண்ணீரையும் நானே கல்லில் ஊற்றித் தீர்த்தேன்.