யோகராஜ் ஃப்ரீ ஆன கதை

தீவின் அபர்டீன் பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் நல்லதம்பிக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். அமெரிக்காவில் எந்த ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் முடிகிறது, ஃப்ரீ ஆனதும் எந்த அணிக்குத் தாவுவான் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். வீட்டில் கேஸ் தீர்ந்தது மட்டும் மனைவி சொன்னால்தான் தெரியும்.

அவர் தன் ஊரில் நடத்திவந்த புரோத்ராபூர் அணியோ ஆறு வருடமாக முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. வருடம் தவறாமல் கோப்பை வாங்குவது நீலக்கடல் கிளப். அதன் நட்சத்திரம் யோகராஜ் ஒருநாள் கடைக்கு வந்தான்.

"அண்ணே, உங்க ஊர்ல கீழ் போர்ஷனா ஒரு வீடு கிடைக்குமா? கோச் சாப் என்னை ஃப்ரீ கர்தியா, விட்டுட்டாரு" என்றான்.

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது. யோகராஜ் படியிறங்கும்போது அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார். வலது காலை இழுத்து இழுத்து நடந்ததையும் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். ஆசைக்குக் கண் எதற்கு?

வீடு பார்த்துக் கொடுத்தார். யோகராஜ் இனி நம்ம ஆள் என்று ஊரெல்லாம் தமுக்கடித்தார். யோகராஜிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவானோ என்று பயம். 'புரோத்ராபூர் அணிக்கு வரும் சிங்கமே வருக' என்று வீட்டெதிரே ஃப்ளெக்ஸ் கட்டினார்.

ஞாயிறு காலை சாமான் வண்டி வந்தபோது மொத்த அணியும் மாலையோடு நின்றது. முதலில் இறங்கிய யோகராஜின் மனைவி சித்ரா, அவனைக் கைத்தாங்கலாக இறக்கினாள். முழங்காலில் கனத்த கட்டு. மெயின்லேண்டில் இரண்டு ஆபரேஷன் செய்தும் சரியாகவில்லையாம். இனி ஆடவே முடியாதாம். மாடிப்படி ஏற முடியாததால்தான் கீழ் வீடு கேட்டிருக்கிறான். இவ்வளவையும் அவள்தான் சொன்னாள். மாலை வைத்திருந்த கேப்டன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

யோகராஜ் ஃப்ளெக்ஸை எழுத்துக்கூட்டுவதுபோல் நிதானமாகப் படித்தான். நல்லதம்பிக்கு முகம் எரிந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மாஃப் கரோ அண்ணே, தப்பு என்மேலதான். கால் விஷயத்தை அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றான் அவன்.

நான் பார்த்தேனே தம்பி என்று சொல்லத்தான் நல்லதம்பி வாயெடுத்தார். மொத்த அணியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்ல தம்பி" என்றார்.