ஆண்டுக்கு ஒரு வரிசைச் செங்கல்

வர்ஜீனியாவில் ஆற்றோரமாக இருக்கும் புனித ஆஸ்வல்ட் எபிஸ்கோபல் தேவாலயம் 1984இலிருந்து ஆண்டுக்கு ஒரு வரிசைச் செங்கல் அளவு பூமிக்குள் இறங்கிவந்தது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. அந்த ஆண்டு தொடங்கிய நிறுவனர் நாள் ஆராதனையில் ஒவ்வோர் அக்டோபரிலும் சபை நிர்வாகத் தலைவர் லாண்டன் டேங்கர்ஸ்லி எழுந்து, "இச்சுவர்களின் செங்கற்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை" என்று வாசிப்பார். வாசித்து முடிக்கும்போது கட்டடம் மூன்று அங்குலம் இறங்கியிருக்கும். சபையார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பாட்டுக்கு எழுவார்கள்.

அப்படியொரு கப்பல் கிடையாது. வந்த கப்பல்களில் ஒயினும் பொய்முடியும்தான் வந்தன. களிமண் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் வெட்டியது. சூளைச் சாம்பல் இன்றும் அங்கே கிடக்கிறது. மிதித்து, அறுத்து, சுட்டு, நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி அடுக்கியவர்கள் கேட்டோ என்ற அடிமையும் அவருடைய ஆட்களும். குறுக்குக் கற்களின் முகத்தில் நீலம் பூக்க எப்போது எந்த விறகைப் போட வேண்டுமென்று அவருக்குத் தெரியும். வேலை முடிந்ததும் கனவான்கள் கதவு வைத்த இருக்கைகளில் அமர்ந்தார்கள். கேட்டோவை வெளிப்படிக்கட்டு வழியாக மேல்மாடத்துக்கு அனுப்பினார்கள். அந்த மாடத்துக்கு ஐந்தடி உயர வாசல். வாசற்படியருகே ஒரு செங்கல்லில் அவருடைய கட்டைவிரல் பதிந்திருக்கிறது.

கட்டடம் இறங்கியதற்கு நிர்வாகம் முதலில் ஓக் மரத்தின் வேரைக் குற்றம் சொல்லி மரத்தை வெட்டியது. பிறகு ஆற்றைச் சொன்னது. ஆற்றை வெட்ட முடியவில்லை. பெரிய வாசல் புதைந்ததும் மாடத்திலிருந்து உள்ளே ஒரு மரப்படி இறக்கி, அதற்குக் கம்பளமும் விரித்தது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றவில்லை.

கேட்டோவின் வழிவந்தவர் வெர்லீன் பிராக்கெட், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். கேட்டோவின் பெயரை வாசியுங்கள் என்று வருடந்தோறும் கேட்டுவந்தார்.

"இது எங்க தாத்தா எழுதி வச்ச வாக்கியம், மிஸ் வெர்லீன்."

"வாசிச்சு வாசிச்சுத்தானே இவ்ளோ ஆழத்துக்கு வந்திருக்கோம், மிஸ்டர் லாண்டன்."

நாற்பது வரிசை போனபின் மாடத்து வாசற்படி புல்லோடு சமமாக நின்றது. கட்டைவிரல் கல் தரைக்கு மேல் கடைசி வரிசை. அந்த அக்டோபரில் பேராயர் வந்தார். இருநூறு பேர் உள்ளே. மாடத்துக் கதவு சாத்தியிருந்தது. டேங்கர்ஸ்லி காகிதத்தைப் பிரித்தபோது வெர்லீன் மாடத்திலிருந்து குனிந்தார்.

"மிஸ்டர் லாண்டன், இது வெளிப்பக்கம் தொறக்குற கதவு. நீங்க வாசிச்சா கேட்டோவோட விரல் மண்ணுக்குள்ள போயிடும். கதவும் தொறக்காது. அப்புறம் நம்ம எல்லாருக்கும் இங்கேயே சாப்பாடு."

பேராயர் இருமினார். "லாண்டன், எனக்கு ரெண்டு மணிக்கு வேற ஊர்ல ஆராதனை இருக்கு."

நாற்பது ஆண்டு உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு நின்றவருக்குக் கிடைக்காதது பேராயரின் இரண்டு மணி ஆராதனைக்குக் கிடைத்தது. டேங்கர்ஸ்லி காகிதத்தை மடித்து, பல்லிடுக்கில், "செங்கல் செஞ்சது கேட்டோ" என்றார்.

"காதுல விழல," என்றார் வெர்லீன்.

"கேட்டோ செஞ்சார். கட்டினதும் அவரும் அவர் ஆட்களும்தான்."

கட்டடம் மூன்று அங்குலம் உயர்ந்தது. பாட்டுக்கு எழுந்தார்கள்.

இப்போது அந்த வாக்கியம்தான் வாசிக்கப்படுகிறது, ஆண்டுக்கு ஒரு முறை. பெரிய வாசல் வெளிவர இன்னும் முப்பத்தொன்பது அக்டோபர் ஆகும். அதுவரை கனவான்கள் அந்த ஐந்தடி வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். வாரந்தோறும் வாசித்தால் சீக்கிரம் முடியுமே என்று டேங்கர்ஸ்லி கேட்டுப் பார்த்தார். அவசரமில்லை என்றார் வெர்லீன்.