காத்திருப்பவர்கள் இல்லாத நகரம்

எங்கள் பட்டறைக்கு வந்த போக்குவரத்து நிபுணர்களில் ஒருவருக்கு நான் வைத்த பெயர் நாளைக்கு சார். வாயைத் திறந்தால் நாளைக்குத்தான். நாளைக்கு நகரத்தில் நெரிசல் இருக்காது, புகை இருக்காது, யாரும் வண்டி ஓட்ட வேண்டியதே இல்லை. இன்றைக்கு என்ன வழி என்று யாராவது கேட்டுவிட்டால் மனிதர் முகம் சுருங்கிப்போகும்.

கண்காட்சிகளுக்கு நகரத்தின் மாதிரி செய்வது என் தொழில். கட்டடம், சாலை, மரம் எல்லாம் முடிந்து கடைசியில்தான் மனிதர்களை ஒட்டுவோம். நகக்கண் அளவு பிளாஸ்டிக் மனிதர்கள். பெட்டியாக வாங்கினால் எல்லோரும் நடந்துகொண்டே இருப்பார்கள். உட்கார்ந்த ஆள் வேண்டுமென்றால் நாமே சூடு காட்டி இடுப்பை மடக்க வேண்டும். இந்த முறை செய்யச் சொன்னது எங்கள் வட்டாரத்தையே. அதனால் எங்கள் சந்து முனை பஸ் ஸ்டாப்பை ஆசை ஆசையாகச் செய்தேன். கூரை, பெஞ்சு, பெஞ்சில் மடியில் பையோடு என் அக்கா.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை அந்த ஸ்டாப்பில் பஸ் ஏறி டயாலிசிஸுக்குப் போய்வருவாள். திரும்பி வந்து இறங்கியதும் தலை சுற்றும். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கண் தெளிந்த பிறகுதான் சந்துக்குள் நடப்பாள். அந்த பஸ்ஸும் பெஞ்சும் இருந்ததால்தான் யார் தயவும் இல்லாமல் போய்வந்தாள்.

நாளைக்கு சார் மாதிரியின்மேல் குனிந்தார்.

“இந்தம்மா எதுக்கு உட்கார்ந்திருக்காங்க?”

“பஸ்ஸுக்கு சார்.”

“நாளைக்கு யாரும் எதுக்கும் காத்திருக்கப் போறதில்லைங்க. கூப்பிட்டா வண்டி வாசலுக்கே வரும். இந்த ஸ்டாப்பை எடுத்துடுங்க. சந்து முனையில வரிசையா தூண் வைங்க, கண்ட வண்டியும் நுழையக் கூடாது. நம்ம வண்டி வந்தா மட்டும் தூண் தானா கீழே இறங்கும்.”

ஸ்டாப்பைப் பெயர்த்தேன். அக்காவை இடுக்கியால் பிடுங்கி, துளையைப் பட்டி மாவு வைத்து அடைத்தேன். தூண்களை ஒட்டினேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, உள்ளுக்குள் சந்தோஷம்தான். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“வாசலுக்கே வண்டியா?” என்றாள் அக்கா. “அப்ப செருப்புகூட வேண்டாம்னு சொல்லு. ஏறுற வரைக்கும் தூங்கலாம்.”

இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

மாதிரிக்குப் பரிசு கிடைத்தது. நிபுணர்கள் கைகுலுக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு காலை சந்து முனையில் காது கிழிகிற சத்தம். போய்ப் பார்த்தால் கூரை இறங்கிவிட்டது, பெஞ்சைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தூண் நடக் குழியும் வெட்டியாயிற்று. மேஸ்திரியைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அவர் போனை நீட்டினார்.

“எங்களுக்கு வந்த படம் இதுதாங்க. இதுல ஸ்டாப் இல்லையே.”

படத்தில் இருந்தது என் மாதிரி.

“ஐயோ, இது நான் செஞ்ச பொம்மைங்க!”

“அப்படியா? தத்ரூபமா இருக்குங்க,” என்றார். கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

“சரி, வாசலுக்கு வர்ற வண்டி எப்ப வரும்?”

“எடுக்கிறதும் நடுறதும்தாங்க நம்ம வேலை. வண்டியெல்லாம் வேற ஆளுங்க.”

தூண்கள் கான்கிரீட்டில் வந்தன. கீழே இறங்குகிற ஜாதி இல்லை. பஸ் பெரிய சாலையோடு போய்விட்டது. அடுத்த ஸ்டாப்புக்கு இரண்டு சிக்னல் தாண்ட வேண்டும். கொஞ்ச நாள் டாக்ஸி வைத்தேன். அதற்கும் முனை வரை நடந்துபோய் வெயிலில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். திரும்பி வரும்போது அங்கேயே இரண்டு தடவை விழுந்தாள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். திட்டம் நல்லபடியாக நடக்கிறது என்றார்கள்.

அக்காவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

“இன்னைக்கு முடியலடா. நாளைக்குப் போய்க்கலாம்.”

அவள் வாயிலும் நாளைக்கு வந்துவிட்டது. கெஞ்சினேன், கத்தினேன். ஒரு தடவை விட்டாள், பிறகு இன்னொரு தடவை. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கி, வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார். இரண்டு நாளில் வீட்டிலேயே போய்விட்டாள்.

அமரர் ஊர்திக்காரர் போன் செய்தார்.

“உங்க சந்துல தூண் இருக்காமே? வண்டி உள்ள வராதுங்க. முனைக்குக் கொண்டுவந்துடுங்க.”

நானும் அக்கம்பக்கத்தாரும் அவளைத் தூக்கிக்கொண்டு தூண்களுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து முனைக்கு வந்தோம். வண்டியைக் காணோம். பெரிய சாலையில் நெரிசலாம், அங்கேயே சிக்கிக்கொண்டதாம். ஸ்டாப் இருந்த இடத்தில் நின்றோம். அக்காவை இறக்கி வைக்க ஒரு பெஞ்சு இல்லை. கை மாற்றி, தோள் மாற்றி, அவளைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தோம்.